கல்தேரா வீட்டுப் பங்காளி

கடலுக்கு இந்தப் பக்கம் ஒரு ஊராம், கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு ஊராம், ரெண்டு ஊரிலும் ஒரே பேரிலே ஒரு வீடாம். இப்படித்தான் தம்பி இந்தக் கதையைத் தொடங்கணும். ராசா ராணி எல்லாம் எங்க ஊரில் கிடையாது. கமிட்டிதான் உண்டு. நான் அதில் வெகுகாலமாகச் செயலாளர்.

உட்காருங்க. பெரியவிளை பஸ்தானே? வரும். அது வரும்போதுதான் வரும். கால்பந்துச் சட்டை போட்டிருக்கீங்க, பூட்ஸ் பை வச்சிருக்கீங்க, உங்களைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு வந்துவிட்டது. பெரியவிளைக்காரங்க உங்களை வெளி ஆட்டக்காரராக் கூப்பிட்டிருக்காங்க போல. நல்லது, ஆடுங்க. வெளியிலிருந்து ஆள் கொண்டு வர்றதைப் பத்தி எங்க குருசடித்துறைக்காரனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டாம். நாங்க போர்ச்சுகலிலிருந்தே கொண்டு வந்தவங்க.

சிரிக்காதீங்க. நிஜம். எங்க கோயில் புனிதர் இராயப்பர் திருவிழாக் கோப்பைக்கு எங்க இராயப்பர் கால்பந்துக் கழகம் சார்பா ஆட ஒரு போர்த்துகீசியர் வந்தார். வந்தவர் யார் தெரியுமா? என் தம்பி. கூடப் பிறந்த தம்பி இல்லை. அதுக்கும் மேலே. கேளுங்க.

முதலில் அவர் ஆடின ஆட்டத்தைச் சொல்லணும். பிறந்தது ஆற்றோரம் ஒரு சின்ன ஊர். அப்பா பாட்டிலுக்கு மூடி போடுகிற தக்கை இருக்கு பாருங்க, அந்தத் தக்கை செய்கிற ஆலையில் வேலை. பதினெட்டு வயசில் ஒரு பெரிய கிளப்பில் சேர்த்தாங்க, சேர்த்து பெஞ்சில் உட்கார வச்சாங்க. பெஞ்சு தேய்ந்ததும் ஒரு தீவுக்கு அனுப்பினாங்க. அங்கேயிருந்து சைப்ரஸ். பிறகு ருமேனியா. பிறகு அங்கோலா, ஈரான், வியட்நாம், மாலத்தீவு. நடுவில் ஏதோ ஒரு நாடு, பனி கொட்டினதால் வெள்ளைப் பந்தை எடுத்துட்டு ஆரஞ்சுப் பந்து போட்டாங்களாம், அது எந்த நாடுன்னு எனக்கு இப்போ பிடிபடலை. ஒரு இடத்தில் கிளப் முதலாளி ஆளே காணாமல் போயிட்டார். ஒரு இடத்தில் ரசிகர்கள் ஒரு வாரம் தோளில் தூக்கினாங்க, அடுத்த வாரம் பஸ்ஸை மறிச்சாங்க. ஈரானில் நோன்பு மாதத்தில் தன்கூட ஆடினவங்க பகலில் தண்ணி குடிக்கலைன்னு இவரும் குடிக்காமப் பயிற்சி செய்திருக்கார். யாரும் கேட்கலை. இவராகவே.

இதையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல எனக்குக் கண் கலங்கிட்டு தம்பி. இத்தனை நாட்டில் ஒரு நாட்டிலாவது 'இவன் எங்க ஆள்'னு கையைப் பிடிச்சு நிறுத்த ஒரு சொந்தக்காரன் இல்லையே! இருந்திருந்தா இப்படி ஊர் ஊரா அலைய விட்டிருப்பானா?

கடைசியா வந்தது கேரளா. வந்த கிளப் பாதி சீசனில் இழுத்து மூடிட்டாங்க. அப்போ திருவனந்தபுரத்துப் புரோக்கர் ஒருத்தன் எனக்குப் போன் போட்டான். 'சேட்டா, ஒரு போர்த்துகீஸ் ஆள் சும்மா இருக்கான். வயசு முப்பத்தேழு. முழங்கால் ஒண்ணு கொஞ்சம் மோசம். ஆனா மூளை புதுசு'ன்னான். அனுப்புன்னேன்.

தூத்துக்குடி ஸ்டேஷனில் இறங்கினார். நல்ல உயரம், தாடையில் நரை, கையில் ஒரே ஒரு பை. பாஸ்போர்ட்டை வாங்கிப் பேரைப் பார்த்தேன். அதெரித்தோ மிராந்தா கல்தெய்ரா.

எனக்கு மயிர் கூச்செறிஞ்சுட்டு. என் பேர் என்ன? சவரிராயன் கல்தேரா! எங்க கடற்கரையில் வீட்டுக்கு வீடு போர்த்துகீஸ் பேர்தான் உண்டு, உங்களுக்குத் தெரியாததா? அந்தக் காலத்தில் அவங்க வந்து ஞானஸ்நானம் கொடுத்தப்போ ஒட்டின பேர். கல்தேரா வீட்டான் இன்னொரு கல்தேராவைப் பார்த்தா அவன் பங்காளி. இது எங்க ஊர்க் கணக்கு. ஸ்டேஷன்னு பார்க்காமக் கட்டிப் பிடிச்சுட்டேன்.

"நானும் கல்தேரா! ஒரே வீடு!"ன்னேன், எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷில்.

அவருக்கும் என் அளவுக்குத்தான் இங்கிலீஷ் வரும். அதனால் ஒருத்தர் பேசுறது ஒருத்தருக்கு நல்லாப் புரியும். "எங்க நாட்டில் அந்தப் பேர் ஊருக்கு நூறு பேருக்கு இருக்கு. கொப்பரைன்னு அர்த்தம். பெரிய பாத்திரம்"னார்.

என்ன அடக்கம் பாருங்க. பெரிய ஆட்டக்காரங்க அப்படித்தான்.

வரும் வழியில் காரில் மூணு கேள்வி கேட்டார். எந்த ஊருக்குப் போனாலும் இந்த மூணுதானாம். பயிற்சி எத்தனை மணிக்கு? என் இடம் எது? நான் என்ன செய்யக் கூடாது?

முதல் ரெண்டுக்கும் பதில் சொன்னேன். மூணாவதுக்குத் தோளில் தட்டி, "நீ நம்ம வீட்டுப் பிள்ளைடே. உனக்கு எதுவும் கூடாதுன்னு கிடையாது"ன்னேன். அவர் ஒரு மாதிரி என்னைப் பார்த்தார். எந்த ஊரிலும் யாரும் அவருக்கு அப்படிச் சொல்லியிருக்க மாட்டாங்க. பாவம்.

என் வீட்டு மாடியில்தான் தங்கினார். என் சம்சாரம் செலஸ்தீன் சீலாமீன் குழம்பு வச்சா. அவர் அவிச்ச முட்டையும் வெறும் சோறும் கேட்டார். அவ முகம் வாடிட்டு. 'பங்காளி வீட்டுக் குழம்பு ஆகாதாமா?'ன்னா. நான் போய் அவருக்கு விளக்கிச் சொன்னேன். அதுக்கப்புறம் மூணு வேளையும் குழம்புதான் சாப்பிட்டார். வேர்த்து வேர்த்துச் சாப்பிடுவார். அண்ணன்னு கூப்பிடப் பழக்கிவிட்டேன். 'அண்ணன்' என்று அவர் சொன்னா அழகா இருக்கும், 'ண்ண'வில் மூக்கு கொஞ்சம் அடைச்ச மாதிரி.

இதில் ஒரு ஆளுக்கு வயிறு எரிஞ்சுது. கஸ்பார் மிராந்தா வாத்தியார். ரிட்டயர் ஆனவர், வேற வேலை கிடையாது. எங்க ஊரில் திருவிழாக் கொடி ஏத்தும்போது முதலில் கயிறு பிடிக்கிறது கல்தேரா வீடா, மிராந்தா வீடான்னு வருஷா வருஷம் அடிபிடி. அந்த வருஷம் நான் என்ன செய்தேன், அதெரித்தோவுக்கு வெள்ளை வேட்டி கட்டிக் கூட்டிப் போய், "கடல் தாண்டி வந்த கல்தேரா இவன். இவனுக்கு மேலே எவன்லே மூத்த வீடு?"ன்னு ஊர் முன்னால் கேட்டேன்.  கயிறு எங்க கையில்.

வாத்தியார் மட்டும் விடலை. "ஏ சவரி, நாம பேரு வாங்கினது ஞானஸ்நானத் தொட்டியில. ரத்தம் வாங்கல. அப்படியே உம்ம கணக்குக்கு வந்தாலும், அவன் பேருல நடுவுல மிராந்தா கிடக்கு பாத்தீரா? அவங்க ஊருல அது தாய் வீட்டுப் பேரு. அப்ப நாங்கதான் மாமன் வீடு."

"மாமன் வீடு மொய் எழுதுததுக்கு வாரும் வாத்தியாரே. கயிறு பிடிக்கது பங்காளி"ன்னு சொல்லிட்டேன். அது மட்டுமில்லை, கொடிமரத்தில் கையை வச்சு, "இவன் என் ரத்தம்"னு எல்லார் காதும் கேட்கச் சொன்னேன். எங்க கோயில் பங்குச்சாமி ஜெரோம் சாமிகூடப் பக்கத்தில்தான் நின்னார்.

அதெரித்தோ கேட்டார், "என்ன சண்டை?"

"உனக்காகத்தான்"னேன்.

"நான் கயிற்றை விட்டுரவா?"

"விட்டே, கொன்னுபோடுவேன்"னேன். பாசத்தில் சொல்றதுதான்.

இனி ஆட்டம். முதல் ஆட்டத்தில் ஊருக்கே ஏமாற்றம். மனுஷன் ஓடவே மாட்டேங்கார்! நடு மைதானத்தில் விளக்குக் கம்பம் மாதிரி நிக்கார். பின்னாலிருந்து ஒருத்தன், "செயலாளரே, உங்க பங்காளி நங்கூரம் போட்டுட்டாரா?"ன்னு கத்துறான். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல. அப்புறம்தான் கவனிச்சேன். பந்து எங்கே உருண்டாலும் சுத்திச் சுத்தி அவர் காலுக்கே வருது. வந்ததும் ஒரு தட்டு. அந்தத் தட்டில் நாலு பேர் தப்பான பக்கம் ஓடுறாங்க, நம்ம பையன் ஒருத்தன் கோலுக்கு எதிரே தனியா நிக்கான். அவனுக்கே தெரியலை எப்படி அங்கே வந்தான்னு. கையை நீட்டி நீட்டிக் காட்டுவார். 'இங்கே.' 'விடு.' 'திரும்பு.' தமிழில் அவ்வளவுதான் வச்சிருந்தார், அது போதும். கேப்டன் டெல்வின் சொன்னான், "மாமா, நான் பத்து வருஷமா ஆடுதேன், இப்பதான் மைதானம் எவ்வளவு பெருசுன்னு தெரியுது"ன்னான்.

ஃபைனலுக்கு வந்துட்டோம். யாரோடு? வேற யாரு, உங்க பெரியவிளையோடுதான்.

செமிஃபைனல் முடிஞ்ச மறுநாள் காலையில் என் ஐஸ் ஃபேக்டரியில் உட்கார்ந்திருந்தார். ஆமா, எனக்கு ஐஸ் வியாபாரம். முழங்கால் இளநீர் அளவுக்கு வீங்கியிருந்தது. மீன் பெட்டி ஒண்ணில் ஐஸை உடைச்சுப் போட்டு, காலை அதுக்குள் விட்டுட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்துப் பெட்டியில் நெத்திலி.

"அண்ணன், ஃபைனல் பார்க்க கோவாவிலிருந்து ஒருத்தர் வாரார். நாயக்னு பேர். அவங்க கிளப்பில் ஒரு வருஷம் ஆடணும், அதுக்கப்புறம் சின்னப் பிள்ளைகளுக்குக் கோச். வீடு தருவாங்க. மகளைக் கூட்டிட்டு வந்திரலாம். அவ நடக்கப் பழகினதையே நான் போனில்தான் பார்த்தேன்"னார்.



முழங்காலைத் தட்டினார். "இதுக்குள்ளே இன்னும் ஒரே ஒரு ஆட்டம் இருக்கு. அதை அவர் பார்க்கணும். நான் நடக்கிறவன் இல்லை, ஆடுகிறவன்னு அவர் கண்ணால் பார்க்கணும். அவ்வளவுதான் கேட்டிருக்கார்."

எனக்கு மனசு என்னமோ மாதிரி ஆயிட்டு தம்பி. கோவா! இங்கே அண்ணன், மதினி, மூணு வேளை குழம்பு எல்லாம் இருக்கு, இவருக்குக் கோவா கேட்குது. "ஏன்டே, நாங்கல்லாம் செத்தா போயிட்டோம்?"னு கேட்டேன்.

வாய் முகூர்த்தம் பாருங்க. ஃபைனலன்னைக்குக் காலையில் எங்க கித்தேரியான் பெரியப்பா செத்துப் போயிட்டார்.

தொண்ணூறு தாண்டினவர். கருப்பட்டிக் காப்பி குடிச்சுட்டு டம்ளரைக் கீழே வச்சார், அவ்வளவுதான். நல்ல சாவு. அவருக்குக் கால்பந்தே ஆகாது. தெருவில் பந்து சத்தம் கேட்டா எழுந்து போய்க் கதவைச் சாத்துவார். அப்படிப்பட்டவர் வருஷத்தில் வேற நாளே கிடைக்காத மாதிரி அன்னைக்குப் போனார்.

எங்க ஊரில் என்ன முறைன்னா, ஒரு வீட்டில் சாவு விழுந்தா மூணாம் நாள் பூசை வரைக்கும் அந்த வீட்டுப் பங்காளிகள் யாரும் எந்தக் கொண்டாட்டத்திலும் கலக்கக் கூடாது. கல்யாணம், தேர், ஆட்டம் எதுவும். மத்த வீட்டுக்காரங்க கலக்கலாம். அதனால் ஊர் கூடி, மூணு மணிக்கு அடக்கம், நாலரைக்கு ஆட்டம்னு முடிவு பண்ணிட்டாங்க. எங்க கோல்கீப்பர் என் கூடப் பிறந்தவன் மகன். கல்தேரா. அவன் அழுதுகிட்டே கையுறையைக் கழட்டி டெல்வின் கையில் கொடுத்துட்டான். அதுவரைக்கும் எல்லாம் முறையா நடந்தது.

அப்புறம் சாவு வீட்டு வாசலில் எல்லார் கண்ணும் அதெரித்தோ பக்கம் திரும்பிச்சு. அவர் பாவம், காலில் பூட்ஸோடு துக்கம் கேட்க வந்து நிக்கார். பெரியப்பா நெத்தியைத் தொட்டுக் கும்பிட்டுட்டு, ஆட்டத்துக்குப் போகலாம்னு நினைச்சு வந்திருக்கார்.

கஸ்பார் வாத்தியார்தான் ஆரம்பிச்சார். "சாமி, அவன் எங்க வீட்டு மருமகப் பிள்ளை. மாமன் வீட்டுக்கு இந்தத் துக்கம் கிடையாது. மிராந்தான்னு இறக்குங்க. நான் பொறுப்பு."

எப்படி இருக்கு? கயிறு போன வயித்தெரிச்சலில், என் பெரியப்பா பிணத்துக்கு முன்னால் வச்சே என் பங்காளியைத் தூக்கப் பார்க்கார்!

ஜெரோம் சாமி என்னைத் தனியாக் கூப்பிட்டார். தனியான்னா என்ன, ஊரே கேட்கிற தூரத்தில்தான். "சவரி, இவரைப் பங்காளின்னு சொன்னது நீ ஒருத்தன்தான். இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிரு. ஆட்டம் முடியட்டும்."

"எப்படிச் சாமி சொல்லுவேன்? கொடிமரத்துல கை வச்சுச் சொன்னவன்"னேன்.

"அவரு பொழைப்பு சவரி. கோவாக்காரர் வந்து மைதானத்துல உட்காந்துட்டாரு. சொல்லிரு."

"என் தம்பி மகனை நிறுத்திட்டு இவரை ஆட விட்டா, ஊரு என்ன பேசும் சாமி? அப்ப கொடியேத்துத அன்னைக்குச் சவரி புளுகினான்னுதான பேசும்?"

சாமி கண்ணை மூடித் திறந்தார். மூணாவது தடவை என்னைக் கேட்கலை. அதெரித்தோவிடம் திரும்பி இங்கிலீஷில் முறையை எல்லாம் விளக்கிச் சொல்லி, "நீயே அவரைக் கேளு"ன்னுட்டார்.

அவர் என்னிடம் வந்தார். "எத்தனை நாள்?"னு கேட்டார். மூணு நாள்னேன். "ஆட்டம் இன்னைக்கு"ன்னார். ஆமான்னேன். அப்புறம் என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டார். "அண்ணன், நீங்க சொல்லணும். நீங்க சொன்னா விடுவாங்களாம். சொல்லுங்க. ப்ளீஸ்."

டெல்வின் இருக்கான், செலஸ்தீன் இருக்கா, ஊரே பார்க்குது. நான் அவர் கண்ணைப் பார்த்தேன். எவ்வளவு பயம் அதில்! இத்தனை நாட்டில் இத்தனை பேர் கைவிட்ட பிள்ளை இல்லையா? நானும் கைவிட்டுருவேனோன்னு பயம். கையை இறுக்கிப் பிடிச்சுச் சொன்னேன். "பயப்படாதே தம்பி. என் உயிரே போனாலும் இந்த வாயால் உன்னை இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

யோசிச்சுப் பாருங்க. எங்க பாதுகாவலர் இராயப்பர், அவ்வளவு பெரிய புனிதர், அவரே ஆண்டவரை மூணு தடவை தெரியாதுன்னு சொன்னவர். சேவல் கூவினப்புறம் அழுதார். என்னை மூணு தடவை கேட்டாங்க தம்பி. மூணு தடவையும் நான் மறுதலிக்கலை!

"அவருதான் கேட்காரே, மச்சான். வேண்டாம்னு அவரே சொல்லுதாரே"ன்னு யாரோ முணுமுணுத்தாங்க. கூட்டத்தில் இப்படி நாலு பேர் இருப்பான்.

நீங்க கேட்கலாம், யார் சொன்னாலும் சொல்லாட்டாலும் அவர் பாட்டுக்குப் போய் ஆடியிருக்கலாமேன்னு. ஆட மாட்டார். அதுதான் அவர் தரம். டெல்வினே போய்க் கூப்பிட்டான், "அண்ணே, நீங்க வந்து இறங்குங்க, நான் பாத்துக்கிடுதேன்"னு. அவர் பங்குச்சாமியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பெரியப்பாவைப் பார்த்தார். "கிளப் இறக்காம நான் எந்த ஊரிலும் இறங்கினதில்லை"ன்னு சொல்லிட்டு, அங்கேயே உட்கார்ந்து பூட்ஸைக் கழட்டினார். முடிச்சு அவிழ்க்க வெகு நேரம் ஆச்சு.

பங்காளின்னு ஆனப்புறம் சவப்பெட்டி தூக்காம இருக்க முடியுமா? தூக்கினார். மத்த மூணு பேரும் எங்க ஊர் உயரம். இவர் ஒருத்தர்தான் பனைமரம். பாரம் பூராவும் இவர் தோளுக்கு வந்துட்டு. அந்த முழங்காலோடு கோயிலிலிருந்து கல்லறைத் தோட்டம் வரைக்கும் நடந்தார். ஒரு இடத்தில்கூடப் பெட்டி சாயலை. 'ஆடுகிறவன் இல்லை, நடக்கிறவன்'னு, நான் சொல்லிக் கேட்டிருந்த எவனோ சிரிச்சான். நான் முறைச்சேன்.

எங்க கல்லறைத் தோட்டத்துக்கும் மைதானத்துக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். குழி வெட்டினவனுக்குப் பாறை தட்டினதால் அடக்கம் தாமதமாயிட்டு. நாங்க குழியைச் சுத்தி நிக்கோம், சாமி ஜெபம் சொல்றார், அந்தப் பக்கம் விசில் ஊதிட்டான். ஆட்டம் ஆரம்பம். கூட்டம் கத்துறது எல்லாம் கேட்குது, ஒண்ணும் தெரியலை. அதெரித்தோ தலையைக் குனிஞ்சு நிக்கார். நான் பக்கத்தில்தான் நின்னேன். உதடு மட்டும் அசையுது. ஜெபம் சொல்றார்னு நினைச்சேன். காதைக் கொடுத்தா, 'இங்கே... விடு... விடு... திரும்பு...'

அப்போதான் அந்தப் பந்து வந்தது. எவனோ மொரட்டுத்தனமா உதைச்சு, சுவரைத் தாண்டி வந்து ஒரு சிலுவையில் பட்டு, துள்ளி, நேரே இவர்கிட்டே. நூறு பேர் நிக்கோம், இவர்கிட்டேதான் வருது. பிடரியில் அடிச்ச மாதிரி எனக்கு. 'வேண்டாம்'னு கண்ணைக் காட்டினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. வெறுங்கால். நெஞ்சில் வாங்கினார், காலில் இறக்கினார், ஒரே உதை. சத்தமே இல்லை தம்பி. துணி உதறின மாதிரி. பந்து சுவருக்கு மேலே ஏறி, சுழண்டு, மறைஞ்சுட்டு.

 அந்தப் பக்கம் ஒரு கூச்சல் கிளம்பிச்சு பாருங்க, குழி வெட்டுறவனே மண்வெட்டியைப் போட்டுட்டுச் சுவர் மேலே ஏறிட்டான். பந்து நேரே நடு வட்டத்தில், ரெஃப்ரி காலடியில் விழுந்து, ஒட்டின மாதிரி நின்னுட்டாம்.

எனக்கு ஒரே அவமானம். துக்கத்தில் நிக்கிறவன் செய்கிற காரியமா? சொந்தக்காரங்க எல்லாரிடமும் நான்தான் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். தம்பி தப்புப் பண்ணினா அண்ணன்தானே கேட்கணும்?

ஆட்டம் போச்சு. ஒண்ணுக்குச் சைபர். எங்க கோலில் நின்னது யாருன்னு நினைக்கீங்க? கஸ்பார் வாத்தியார் பேரன், ஒரு மிராந்தா. அவன் கையில் பட்டுத்தான் உள்ளே போச்சு. நான் அதைப் பத்திப் பேச விரும்பலை. கோப்பை இன்னைக்கும் உங்க பெரியவிளை கோயில் அலமாரியில்தான் இருக்கு, ஆடி முடிச்சுட்டுப் போய்ப் பாருங்க.

ஆட்டம் முடிஞ்சதும் அந்த நாயக் கல்லறைத் தோட்ட வாசலுக்கே வந்துட்டார். அதெரித்தோ அதுக்குள்ளே மத்தவங்களோடு வீட்டுக்குத் திரும்பியிருந்தார், குழி வெட்டினவனுக்குக் கூலி கொடுக்க நான்தான் நின்னேன். கண்ணாடி போட்ட, மெலிஞ்ச மனுஷன். "சுவருக்கு இந்தப் பக்கமிருந்து உதைச்சது யார்?"னு கேட்டார்.

"என் தம்பி"ன்னேன்.

"நான் அவரைத்தான் பார்க்க வந்தேன். ராத்திரி எனக்கு ரயில். மைதானத்தில் அவர் பத்து நிமிஷம் ஓடினாப் போதும். நான் பார்த்துட்டுப் போயிருவேன்."

எவ்வளவு தைரியம் பாருங்க, கல்லறை வாசலில் வந்து ஓடச் சொல்றார்! நான் மரியாதையாத்தான் பேசினேன். "மூணாம் நாள் பூசை முடியாம எங்க வீட்டுப் பிள்ளை ஓட மாட்டான் சார். இங்கேயே அவனுக்கு எல்லாம் இருக்கு. கோவா வரைக்கும் அவன் வர மாட்டான்"னு சொல்லிட்டேன். ஒரு அட்டை கொடுத்தார், நம்பர் போட்டு. சட்டைப் பையில்தான் வச்சேன். செலஸ்தீன் துவைச்சுட்டா.

மறுநாள் அதெரித்தோ கேட்டார், "கோவாக்காரர் என்னைத் தேடினாரா?"ன்னு. "தேடினார், நான் பேசி அனுப்பிட்டேன்"னேன். என்ன பேசினீங்கன்னு கேட்கலை. மூத்தவங்க பேசினதில் இளையவன் தலையிடக் கூடாதுன்னு அதுக்குள்ளே நல்லாப் பழகியிருந்தார்.

மூணாம் நாள் பூசைக்கு முன்வரிசையில் என் பக்கத்தில் நின்னார். அந்த முறையையும் முடிச்சுக் கொடுத்துட்டுத்தான் போனார், அதை நான் மறைக்க மாட்டேன். பூசை முடிஞ்சு வீட்டுக்கு வந்து, பையை எடுத்தார், இதோ இந்த பஸ் ஸ்டாப்புக்குத்தான் வந்தார். நான் பின்னாலேயே வந்தேன். "பஸ் வர நேரமாகும், ஒரு வாய் சாப்பிட்டுப் போ"ன்னேன். நீங்க உட்கார்ந்திருக்கீங்களே, இதே இடம். அவர் உட்காரலை. ரோட்டை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தார். அப்புறம் நடக்க ஆரம்பிச்சுட்டார். காலை இழுத்து இழுத்து. போயிட்டு வாறேன்னு ஒரு வார்த்தை? கிடையாது. மாசக்கணக்கில் சோறு போட்ட வீட்டுக்கு ஒரு வார்த்தை கிடையாது. அதுதான் எனக்கு ஆறலை.

பூட்ஸை வேற மாடியில் மறந்து வச்சிட்டுப் போயிட்டார். மறந்தவர் எப்படி வச்சிருக்கார் பாருங்க, நல்லாத் துடைச்சு, கயிற்றை உள்ளே மடக்கி, சுவர் ஓரமா ஜோடியா. நான் மாசத்துக்கு ஒருக்கா எண்ணெய் போட்டு வைக்கிறேன். வந்து கேட்டாருன்னா கொடுக்கணுமே.

போன வருஷம் கத்தாரிலிருந்து என் மருமகன் ஒரு வீடியோ அனுப்பினான். அவரை யாரோ பேட்டி எடுத்திருக்காங்க. ஏதோ மளிகைக் கடை மாதிரி ஒரு இடத்தில் உட்கார்ந்திருக்கார், நரைச்சுப் போச்சு. பேச்சு போர்த்துகீசில், கீழே தமிழில் எழுத்து ஓடுது, மெஷின் போட்டது. எந்த எந்த நாட்டில் ஆடினீங்கன்னு கேட்டா, எல்லா நாட்டையும் சொல்றார், பனி பெய்த நாடு உள்பட. கடைசி ஆட்டம் எதுன்னு கேட்கிறாங்க. "கடைசி ஆட்டத்தை நான் ஒரு சுவருக்குப் பின்னால் நின்னு காதால் கேட்டேன். இந்தியாவில். எனக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கிழவரைப் புதைச்சுக்கிட்டிருந்தோம்" என்கிறார்.

பெரியப்பாவை மறக்கலை பார்த்தீங்களா! ஊருக்கே போட்டுக் காட்டினேன். அந்த 'சம்பந்தமே இல்லாத'ங்கிறது மெஷின் பண்ணின தப்பு. அவர் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். என்ன, என் பேரைச் சொல்லியிருக்கலாம். ஒரு தடவை 'அண்ணன்'னு சொல்லியிருக்கலாம். முழு வீடியோவையும் மூணு தடவை பார்த்தேன். சொல்லலை.

சரி, விடுங்க. என் கதையையே பேசிட்டேன். உங்க பேரென்ன தம்பி? கெவின். கெவின்னா எல்லாரும்தான் கெவின். வீட்டுப் பேரு?

மோத்தாவா!

அடடா. என் செலஸ்தீன் யாரு? அவ மோத்தா வீட்டுப் பொண்ணு! அப்போ நீங்க எனக்கு மச்சினன் முறையில்லா ஆகுது! இவ்வளவு நேரம் வாய் திறக்காம உட்கார்ந்திருக்கீங்களே மாப்ளே. ஆட்டம் எத்தனை மணிக்கு? நாலரைக்கா? பொழுது கிடக்கு. வீடு இதோ அந்த வேப்பமரத்துப் பக்கம்தான். அக்காளைப் பார்க்காமப் போனா அவ மனசு என்ன பாடுபடும்? ஒரு வாய் குழம்பு, அவ்வளவுதான். வாங்க, அந்தப் பையை இங்கே கொடுங்க.

கொடுங்கன்னா... ஏன் எந்திரிச்சுட்டீங்க? பஸ் இன்னும் வரலையே. நடக்கவா போறீங்க? பெரியவிளை என்ன பக்கத்திலா இருக்கு? இந்த வெயிலில் நடந்து போயிட்டு அங்கே எப்படி ஆடுவீங்க? மாப்ளே! கால் வலிக்கும் மாப்ளே, மெல்ல! பையைக் கையில் பிடிச்சா ஓடுறது, தோளில் போடும்!

போயிட்டு வாறேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகப்படாதா, மாப்ளே?